ஆறு தலையணைகள்

அந்த ஓட்டல் அறையில் ஆறு தலையணைகள் இருந்தன. இரண்டு கட்டில், ஒவ்வொன்றிலும் மூன்று. ஒரே ஆள் தூங்குவதற்கு ஆறு எதற்கு என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் வெள்ளை உறை. முகத்தைப் புதைத்தால் இஸ்திரி போட்ட துணியின் வாசனை மட்டும்தான் வந்தது. எங்கள் வீட்டுத் தலையணையில் வரும் தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை.

நடந்ததை உன் கையால் எழுதிக் கொடு, ஒரு பக்கம் போதும் என்று சொன்னீர்கள், சார். ஒரு பக்கத்தில் அடங்காது என்று நினைக்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நீங்களும் மின்விசிறியைப் போட்டு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

என் பெயர் இளமாறன். வயது இருபத்தாறு. சொந்த ஊர் மணலூர்பேட்டை. அப்பா கரும்பு போட்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்புகிறவர். நான் கள்ளக்குறிச்சியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்தேன். ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், பட்டா நகல், இவைதான் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் கதை படிப்பேன். மொழிபெயர்ப்புக் கதைகள் மட்டும். நம் ஊர்க் கதைகளில் வருகிறவர்கள் எனக்குத் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களை எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே பார்த்துவிடலாம். வெளிநாட்டுக் கதைகளில் யாராவது ஒருவர் உடம்பு சரியில்லாமல் கடற்கரை ஓட்டல் ஒன்றில் போய்த் தங்குவார். நீளமான ஜன்னல் இருக்கும். ஆளில்லாத சாப்பாட்டுக் கூடம் இருக்கும். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நூறு பக்கம் அப்படியே போகும். எதுவும் நடக்காத அந்த நூறு பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

முதல் வருட ஊரடங்கு வந்ததும் எங்கள் சென்டரில் வேலை மாறியது. மாவட்டம் தாண்டிப் போக வேண்டுமென்றால் இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, மருத்துவம். இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் பாஸ். காலையிலிருந்து சாயந்திரம் வரை மற்றவர்களுடைய சாவுகளை டைப் செய்தேன். இறந்தவர் பெயர், உறவுமுறை, அடக்கம் நடக்கும் இடம். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் விரல்கள் பழகிவிட்டன. ஜூன் மாதம் ஒரு நாள், என்னோடு பத்தாவது படித்த ஒருவனின் அப்பா சாவுக்குப் பாஸ் போட்டேன். அவன் என் எதிரில்தான் நின்றான். பெயரைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களையும் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒரு நடைமுறையை இங்கே சொல்ல வேண்டும். கல்வராயன் மலைக்காரர்கள் பலரிடம் போன் இருந்தாலும் ஊரில் டவர் கிடையாது. படிவத்தை அனுப்பும்போது வரும் ரகசிய எண் அவர்கள் போனுக்குப் போனால் எங்கேயும் போய்ச் சேராது. அதனால் அவர்களுக்கு எது போட்டாலும் என் நம்பரைத்தான் கொடுப்பேன். அவர்களுடைய ரேஷன் அட்டையும் ஓய்வூதியமும் என் போனுக்குள்தான் இருந்தன. பாஸ் வந்தாலும் எனக்குத்தான் வரும். வந்தது என்று நான் சொன்னால் வந்தது. வரவில்லை என்றால் வரவில்லை. இதில் யாரும் தவறாக எதையும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

ஜூன் கடைசி வாரம் முனியனும் அவர் மனைவி செவ்வந்தியும் வந்தார்கள். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். பஸ் ஓடவில்லை. கச்சிராயபாளையம் வரை காய்கறி வண்டியில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்து வந்திருந்தார்கள். செவ்வந்திக்கு முப்பது வயது இருக்கும். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜூலை ஏழாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். பலூன் வைத்து விரித்துவிடுவார்களாம். நெஞ்சைத் திறக்கக்கூட வேண்டாம். கடிதத்தின் அடியில், தவறாமல் வரவும் என்று சிவப்பு மையில் எழுதிக் கோடு போட்டிருந்தது.

கடிதம், எக்கோ ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் இருந்தன. முனியன் அதைப் பைலு என்றார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பு எங்கேயோ பைல் இல்லாமல் போய் நின்றபோது, பைல் எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மலையேறி எடுத்து வருவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டதாம். பைல் இல்லாவிட்டால் எந்த டாக்டரும் தொட மாட்டார் என்று அன்றிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை.

செவ்வந்தி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். என் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“அது இன்னா புக்குங்க?”

“கதை.”

“இன்னா கதை?”

“ஒரு அம்மா உடம்பு சரியில்லாம, கடல் ஓரமா ஒரு ஓட்டல்ல தங்குறாங்க.”

“அப்புறம்?”

“அவ்ளோதான். தங்குறாங்க.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, பிறகு நின்றது. “சோறாக்க வேணாம், வூடு பெருக்க வேணாம். இந்த மாதிரி ஒக்காந்துக்கினே இருந்தா நானுந்தான் பொழைச்சுக்குவேன்” என்றாள். பிறகு கணவனைக் கண்ணால் காட்டினாள். “இந்த ஆளு ரெண்டு வாட்டி என்ன அந்த ஊருக்குக் கூட்டினு போனாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கிட்டக்கவே கடலு இருக்குதாம். காட்டுய்யான்னா, பஸ்சு போயிடும்னு இஸ்துக்கினு வந்துட்டாரு.”

“ஒடம்ப பாரு மொதல்ல. கடலு எங்கியும் ஓடிடாது” என்றார் முனியன்.

“அது ஓடாது. நீதான் ஓடுவ, பஸ்சு பின்னால.”

முனியன் தலையைக் குனிந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பேச்சை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். பின்னால் உபயோகப்பட்டது.

படிவம் போட்டேன். நோயாளியோடு இருவர் போகலாம். முனியனுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று இரண்டாவது பெயராக என் பெயரைச் சேர்த்தேன். அவர்களுக்கு வண்டி கிடையாது. என் பெரியப்பா மகன் சுபாஷ் வாடகைக் கார் ஓட்டுகிறவன்; மூன்று மாதமாக வண்டி சும்மா நின்றது. அவன் கார் நம்பரைப் போட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் வேறு எந்த எண்ணமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், சார். பைலில் இருந்த தாள்களைச் சரியாக ஸ்கேன் செய்ய வேண்டும் என்று பையை வாங்கி வைத்துக்கொண்டேன். முனியன் தயங்கித்தான் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பாஸ் வந்தது. ஆறாம் தேதி போகலாம், பத்தாம் தேதி திரும்பலாம். செவ்வந்தி, முனியன், இளமாறன். பச்சை எழுத்து.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தபோது அந்த ஓட்டலின் விளம்பரம் வந்தது. புதுச்சேரியில், கடலைப் பார்த்த அறைகள். சுற்றுலாவாக வர அனுமதியில்லை. சிகிச்சைக்கு வந்திருப்பவர்களின் உறவினர்கள் மருத்துவப் பாஸ் காட்டினால் பாதி வாடகையில் தங்கலாம். படத்தில் ஒரு நீள ஜன்னல். வெள்ளைத் திரை உள்பக்கமாக உப்பியிருந்தது. தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே போனில்தான் பாஸும் இருந்தது. விரலால் ஒரு தள்ளு தள்ளினால் பாஸ், இன்னொரு தள்ளில் ஜன்னல்.

அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் ஓட்டலில் தங்கியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நான் அதை யோசிக்காமல் இல்லை. அப்படிப் போயிருந்தால் நான் வார்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். சீட்டு வாங்க வேண்டும், ரத்தத்துக்கு அலைய வேண்டும், முனியனுக்கு டாக்டர் சொன்னதை விளக்க வேண்டும். நாலு மாதமாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஐந்து நாள் யாரும் எதுவும் கேட்காத இடம். அதோடு, ஆஸ்பத்திரியில் வேறு தேதி கொடுப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாக இப்போது எழுதுகிறேனா என்பது சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் முனியன் மலையிலிருந்து இறங்கி வந்தார். “வந்துச்சுங்களா தம்பி?” என்றார். வேறொருவருக்கு நிராகரிக்கப்பட்டு வந்திருந்த பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். சிவப்பு எழுத்து. அவர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“மறுபடி போடுறேன். நீங்க இறங்கி வர வேணாம், போன் பண்ணுங்க” என்றேன்.

“ஏழாந்தேதிங்க தம்பி.”

“தெரியும். பாத்துக்கலாம்.”

ஊருக்குக் கீழே ஒரு வளைவில் சிக்னல் கிடைக்கும். தினமும் காலையில் அங்கே வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் எங்கள் முதலாளியின் தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். சென்டரைப் பூட்டச் சொன்னார். அதனால் விடுமுறை கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. சில சமயம் எல்லாம் தானாகவே அமைந்துவிடுகிறது.

ஆறாம் தேதி காலை சுபாஷ் வந்தான். பின் சீட்டைத் துடைத்து ஒரு போர்வை விரித்து வைத்திருந்தான்.

“இன்னாடா, பேஷண்டு எங்க?”

“ராத்திரியே ஆம்புலன்ஸ்ல போயிட்டாங்க. பைல மறந்துட்டாங்க. நான் போய்க் குடுத்து, கூட இருந்துட்டு வரணும்.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “நீயா? வூட்ல செம்பு தண்ணி மோந்து குடிக்க மாட்ட. ஊரு பேஷண்டுக்குத் தொணைக்குப் போறியா?” என்றான். கொஞ்ச தூரம் போனதும், “நல்லதுதான்டா. போ. புண்ணியம்” என்றான். டீசலுக்கு மட்டும் கொடு போதும் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் பாஸைப் பார்த்து, நோயாளி எங்கே என்று கேட்டார். சுபாஷிடம் சொன்னதையே சொன்னேன். பைலைக் கேட்டார். கொடுத்தேன். அவர் எக்ஸ்ரேவை உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை. நான் அதை அதுவரை பார்த்ததில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே இருதயம் ஒரு பக்கமாகப் பெருத்து, வெள்ளையாகத் தெரிந்தது. “நல்லபடியா பாத்துக்குங்கப்பா” என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஓட்டல் நான் நினைத்ததைவிட அமைதியாக இருந்தது. மொத்தம் நாலு பேர் தங்கியிருந்தோம். அதில் ஒருவர், மார்ச் மாதத்திலிருந்து ஊருக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் தினமும் அதே மேசையில் உட்கார்ந்து அதே திசையைப் பார்த்தார். ஒன்றுவிட்டு ஒன்று மேசைகளில் உட்காரக் கூடாது என்று சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் வேப்பிலை காய்ந்து கிடந்தது. வரவேற்பில் இருந்தவர் பெயர் நிர்மலா. நெற்றியில் வெப்பம் பார்த்துவிட்டு, பாஸை நகல் எடுத்துக்கொண்டார்.

“செவ்வந்திங்கிறவங்க உங்களுக்கு என்ன வேணும் சார்?”

“அக்கா” என்றேன்.

எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அந்தச் சொல் தானாக வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு, கடல் நன்றாகத் தெரியும் அறையைத் தருகிறேன் என்று சாவியை மாற்றினார்.

அறையைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. ஜன்னல் இருந்தது. திரை இருந்தது. கடல் இருந்தது. மத்தியானத்தில் அது தகரம் மாதிரி இருக்கும். சாயந்திரம் ஒரு நிறமும் இல்லாமல் போய்விடும். பைலை மேசையில், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். கொண்டுபோயிருந்த புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. அதனால் பைலைப் படித்தேன். வயது, எடை, ரத்த அழுத்தம், படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை உயரத்தில் சாய்ந்து தூங்கவும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பத்தி. சுருக்கமாக, நல்ல நடையில் எழுதியிருந்தார்கள்.

ஏழாம் தேதி காலையில் நிர்மலா, “இன்னிக்குத்தானே சார் அக்காவுக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பகலெல்லாம் ஓட்டலிலேயே இருந்தால் நன்றாக இருக்காது என்பதால் வெளியே போய், கடற்கரைப் பாறைகளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். திரும்பி வந்ததும் அவர் எழுந்து நின்றார். “நல்லபடியா முடிஞ்சுது. கண் முழிச்சுட்டாங்க” என்றேன். அவர் கையெடுத்து மேலே கும்பிட்டார். சமையலறை வாசலில் நின்ற சமையல்காரரும் கும்பிட்டார். அவர்களுக்கு நாலு மாதமாக நல்ல செய்தி எதுவும் வந்திருக்காது. ஒரு நல்ல செய்தி சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எட்டாம் தேதி, அக்கா கஞ்சி கேட்டாள் என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மறுநாள் காலையில் சமையல்காரர் ஒரு பிளாஸ்க் நிறையக் கஞ்சி வைத்து, வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார். உப்பு கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன், இருதயக்காரர்களுக்கு ஆகாது என்றார். பாறைகளில் உட்கார்ந்து அதைக் குடித்தேன். கடலில் ஊற்றியிருக்கலாம். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள்.

முனியன் சொன்னபடி தினமும் காலையில் பேசினார். நான் பால்கனியில் நின்று எடுப்பேன். அறைக்குள் சிக்னல் சரியாக இல்லை.

ஏழாம் தேதி அவர் அதிகம் பேசவில்லை. “இன்னிக்கிங்க தம்பி” என்றார். மறுபடி சிவப்பில் வந்துவிட்டது, வேறு தேதி வாங்கித் தருகிறேன் என்றேன். பால்கனிக்குக் கீழே அலை அடித்தது.

“இன்னா தம்பி அங்க சத்தம்? எரைச்சலா இருக்குது.”

“காத்து” என்றேன்.

“இங்கியும் ஜாஸ்தியாத்தான் அடிக்குது” என்றார்.

எட்டாம் தேதி அவர் குரல் உடைந்திருந்தது. “படுக்க முடியலிங்க. சாமை மூட்ட மேல சாஞ்சுக்கினே ஒக்காந்திருக்கா. காலெல்லாம் வீங்கிப் போச்சு. பைலாச்சும் குடுத்துடுங்க தம்பி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிலயாச்சும் காட்டிடறோம். பைலு இல்லாம போனா தொட மாட்டாங்க.”

“பைல கலெக்டர் ஆபீஸ்ல குடுத்திருக்கேன். நாளைக்கு வாங்கிடறேன்.”

“நாளைக்கு வந்துடுங்களா?”

“வந்துடும்.”

பைல் இல்லாமலும் பார்ப்பார்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், உடனே இறக்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியம். எனக்கு அது தெரியும். ஆனால் அவர்கள் இறங்கி வந்தால் சென்டர் பூட்டியிருப்பதைப் பார்ப்பார்கள். நான் எங்கே என்று கேட்பார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், அவன் புதுச்சேரிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுவார். எனக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கியிருந்தது. போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். கட்டில் மேல் தலையணைகள் இருந்தன. அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மா அவற்றைத் தட்டி, உப்பவைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒன்பதாம் தேதி முனியன் பேசவில்லை. ஒருவேளை உடம்பு தேவலாம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அன்று நிர்மலா கேட்டபோது, “எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாங்க” என்றேன். “கடல் தெரியுதான்னு கேட்டாங்க. இதுவரைக்கும் பாத்ததில்ல. ரெண்டு தடவை வந்தும், பஸ் போயிடும்னு மாமா இழுத்துக்கிட்டுப் போயிட்டாராம்.” நிர்மலா மாஸ்க்குக்குள் சிரித்தார், கண்ணில் தெரிந்தது. சமையல்காரர் கைதட்டினார். எனக்கு அன்று முழுவதும் மனம் நிறைவாக இருந்தது. இப்படிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் உண்மையைத்தான் எழுதச் சொன்னீர்கள்.

பத்தாம் தேதி காலை பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தேன்.

“தம்பி, இனிமே போட வேணாங்க.”

கையில் இருந்த சட்டையைப் பெட்டிமேல் வைத்தேன்.

“நேத்து விடிகாலைல போயிட்டா. நேத்தே எடுத்துட்டோம். அதான் போன் பண்ண முடியல. நீங்க வேற தெனமும் அலைஞ்சிக்கினு இருப்பிங்களேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.” மூச்சு விட்டார். “ஒங்களுக்குத்தான் ரொம்ப செரமம் குடுத்துட்டோம்.”

அலை சத்தம் கேட்கக் கூடாது என்று நான் பால்கனிக் கதவைச் சாத்தினேன். அழ வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது மட்டும்தான். அழுகை வரவில்லை. சுபாஷ் கீழே வந்து ஹாரன் அடித்தான்.

வரவேற்பில் நிர்மலா, “டிஸ்சார்ஜா சார்?” என்று கேட்டார்.

“டிஸ்சார்ஜ்” என்றேன்.

அக்காவுக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டும், பாஸ் நகலில் இருக்கும் விலாசம் சரிதானே என்று கேட்டார். சரிதான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பேஷண்ட் ஆம்புலன்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார் என்று சுபாஷிடம் சொன்னேன். திரும்பி வரும்போது பின் சீட்டில் அந்தப் போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. நாலு பேர் தாராளமாக உட்காரக்கூடிய கார். போகும்போதும் வரும்போதும் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து முனியன் இறப்புச் சான்றிதழுக்காக வந்தார். ஒரு பை சாமை அரிசி கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைத்தார். வேண்டாம் என்றேன். “அவளே ஒங்களுக்குக் குடுக்கணும்னு சொல்லியிருந்தா. கதை சொன்ன தம்பின்னுதான் சொல்லுவா” என்றார். படிவம் போட்டேன். ரகசிய எண் என் போனுக்கு வந்தது. பைலைத் திருப்பிக் கொடுத்தேன். பழையபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாமையை அம்மா உப்புமா கிண்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முந்தாநாள் முனியன் மறுபடி வந்தார். கையில் ஒரு கவர். மலைக்குத் தபால் வருவதற்கு நாளாகும்; அதுவும் அந்தச் சமயத்தில் கீழேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. “அவ பேருக்கு வந்திருக்குதாம், தபால்காரர் சொன்னாரு. ஆஸ்பத்திரிலருந்தா பாருங்க தம்பி” என்றார். அவருக்குத் தெரிந்த, படிக்கத் தெரிந்த ஆள் நான்தான்.

கவரின் மூலையில் ஓட்டலின் சின்னம் இருந்தது. நிர்மலா கையால் தமிழில் எழுதியிருந்தார். நான் அதை மாற்றிப் படித்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், இன்று நீங்களும் நானும் சந்தித்திருக்கவே மாட்டோம். ஆனால் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிக்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். அதோடு, அந்த மனிதருக்கு ஒரு நல்ல செய்தியாவது கிடைக்கட்டுமே என்றும் இருந்தது. நிதானமாகப் படித்தேன்.

“அன்புள்ள செவ்வந்தி அக்காவுக்கு, நலமாக இருக்கிறீர்களா? உங்கள் தம்பி இளமாறன் எங்கள் ஓட்டலில் தங்கியிருந்த ஐந்து நாளும் உங்களைப் பற்றிப் பேசாத நேரமில்லை. ஒன்பதாம் தேதி நீங்கள் எழுந்து ஜன்னல் வரை நடந்தீர்கள் என்று அவர் சொன்னபோது, எங்கள் சமையல்காரர் கைதட்டினார். அவர் கொடுத்தனுப்பிய கஞ்சி பிடித்திருந்ததா? பஸ் போனால் போகட்டும். மாமாவையும் கூட்டிக்கொண்டு கடலைப் பார்க்க வாருங்கள். அதே அறையைத் தருகிறோம்.”

முனியன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “இன்னொரு வாட்டி படிங்க தம்பி” என்றார். படித்தேன். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஒம்பதாந்தேதியா போட்டிருக்குது?”

“ஆமாம்.”

“அன்னிக்கித்தான தம்பி அவள எடுத்தோம்.”

நான் கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் தவறில்லை என்று இருந்தேன். கடைசியில் எழுந்து கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“காத்துன்னு சொன்னிங்க” என்றார்.

அவ்வளவுதான். ரோட்டைத் தாண்டி உங்கள் ஸ்டேஷன் பக்கமாக நடந்து போனார். நான் ஓடவில்லை. வரிசையில் இருந்த ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் வருவதற்குள் அது அச்சாகி வந்துவிட்டது.

ஆக, பாஸ் வந்திருந்தது, வரவில்லை என்று சொன்னேன். பைல் என்னிடம் இருந்தது, இல்லை என்று சொன்னேன். ஏழாம் தேதி அவள் போயிருந்தால் பிழைத்திருப்பாள். அந்தப் பைலை நான் நாலு தடவை படித்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும். அவள் செத்ததற்கு நான்தான் காரணம். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், சார். இல்லாவிட்டால் நான் ஈவு இரக்கம் இல்லாதவன் என்று ஆகிவிடும். அந்த அறையில் ஜன்னல் ஓரமாக இருந்த கட்டிலில் நான் ஒரு நாளும் படுக்கவில்லை. முனியன் சாமை மூட்டையைப் பற்றிச் சொன்ன அன்றே, அதில் மூன்று தலையணைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்துவிட்டேன், கடல் தெரிகிற மாதிரி, அவளுக்கு மூச்சு முட்டாத உயரத்தில்.